வலிக்காத கடி

வர்ஷினியின் மகளுக்குப் பள்ளியில் ஒரு சார்ட் கேட்டிருந்தார்கள். உலகிலேயே மிகக் கொடிய விஷமுள்ள உயிரினம் எது? வர்ஷினி அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். காலை டீ நேரத்தில் கேள்வியை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

டியூட்டி டாக்டர் சுஹாஸ் யோசிக்கவே இல்லை. "ஆஸ்திரேலியாவுல இன்லண்ட் டைபான்னு ஒரு பாம்பு. ஒரு கடி விஷம் நூறு பேருக்குப் போதும்பாங்க."

"போன்ல பாக்ஸ் ஜெல்லிஃபிஷ்னு போட்டிருக்கே சார். சில நிமிஷத்துல ஆள் காலியாம்," என்றாள் வர்ஷினி.

வார்டு உதவியாளர் பேச்சியம்மாள் ராஜநாகத்தை விட்டுக்கொடுப்பதாக இல்லை. "ஆனையையே சாய்ச்சுடும்னு சொல்வாங்க."

"அது நெறைய விஷம் இறக்கும். சொட்டுக்குச் சொட்டு பார்த்தா அவ்வளவு வீரியம் இல்ல," என்றான் சுஹாஸ். "எலிக்குப் போட்டுப் பார்த்துத்தான் இந்த வரிசையே போடறாங்க."

மூவரும் மூத்த நர்ஸ் ரூபீனாவைப் பார்த்தார்கள். "எனக்குத் தெரியல டாக்டர்" என்று டம்ளரை வைத்துவிட்டு அவள் எழுந்து போனாள்.

ரூபீனாவுக்கு நாற்பத்தைந்து வயது. ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். நர்சிங் முடித்ததும் முதல் வேலை தெற்கே ஒரு கடலோர ஊரில், பத்துக் கட்டில் மருத்துவமனையில். சேர்ந்த நாலாவது மாதம் ஒரு காலையில் அஞ்சப்பன் என்ற மீனவர் வந்தார். வலையைப் பிரிக்கும்போது கடல்பாம்பு விரலில் கடித்துவிட்டது என்றார். வலி இல்லை, வீக்கம் இல்லை, இரண்டு சின்னப் புள்ளிகள் மட்டும். டாக்டர் சொன்னபடி ரூபீனா ஒரு டெட்டனஸ் ஊசி போட்டாள். அவர் அவளுடைய ஊரை விசாரித்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார். அன்று மதியம் மூன்று மணிக்கு அவரை நாலு பேர் தூக்கி வந்தார்கள். இமையைத் தூக்க முடியவில்லை, வாய் திறக்கவில்லை. அங்கே வென்டிலேட்டர் கிடையாது. பெரிய மருத்துவமனைக்குப் போகும் ஆம்புலன்ஸில் ரூபீனா அவருக்கு மூச்சு கொடுக்கும் காற்றுப் பையைக் கையால் அழுத்திக்கொண்டே போனாள். பாதி வழியில் அவர் இதயம் நின்றது. அதற்கப்புறமும் கொஞ்ச தூரம் அழுத்திக்கொண்டிருந்தாள். இதைக் கணவர் அமீனைத் தவிர யாரிடமும் அவள் சொன்னதில்லை.

டீ நேரப் பேச்சு நடந்து இரண்டு நாள் கழித்து, காலை ஒன்பது மணிக்கு, நொச்சிக்குப்பத்திலிருந்து மாசிலாமணி என்பவர் மனைவி தேசம்மாவை ஆட்டோவில் கூட்டிவந்தார். கரையில் வலையிலிருந்து மீனைக் கழற்றும்போது கையில் ஏதோ கடித்திருந்தது.

"ஒண்ணும் இல்லம்மா, முள்ளு குத்தினா மாரி கூட இல்ல," என்றாள் தேசம்மா. "இவருதான் பயந்துக்கினு இஸ்துக்கினு வந்துட்டாரு. மீனெல்லாம் ரோட்டுல கீது."

"வலகடியன் சிஸ்டர், நான் பாத்தேன்," என்றார் மாசிலாமணி. வலையில் சிக்கிக் கடிக்கும் கடல்பாம்புக்குக் குப்பத்தில் அந்தப் பெயர்.

சுஹாஸ் சோதித்தான். நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் சரியாக இருந்தன. "விஷம் இறங்காத கடியா இருக்கும். ஒரு மணி நேரம் பார்த்துட்டு அனுப்பிடலாம்."

ரூபீனா அவனைத் திரைக்கு வெளியே கூப்பிட்டாள். "சாயங்காலம் வரைக்கும் அனுப்பக் கூடாது டாக்டர்."

"வலியே இல்லையே சிஸ்டர்."

"அதான் எனக்குப் பயமா இருக்கு." அஞ்சப்பனின் கதையை நாலு வாக்கியத்தில் சொன்னாள். சுஹாஸ் உடனே ஐசியூவில் ஒரு படுக்கை சொல்லி வைக்கப் போனான்.

தேசம்மாவுக்குக் கோபம். "நான் இன்னா வேலை வெட்டி இல்லாதவளா?" ரூபீனா பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு என்னென்ன மீன் பட்டது, யார் யார் வாங்க வருவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நாக்கு குழறினால் உடனே தெரியவேண்டும் என்பதற்காக.

பதினொன்றேகாலுக்குத் தேசம்மா தொடை வலிக்கிறது என்றாள். அடுத்து தாடை இறுகியது. பன்னிரண்டுக்குள் இமைகள் சரிந்தன. மதியம் சிறுநீர் டிகாஷன் நிறத்தில் வந்தது.

"பாம்பு ஊசி போடுங்க சார்," என்று மாசிலாமணி சுஹாஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க கிடைக்கற ஊசி நிலத்துப் பாம்புங்களுக்குத்தான். இதுக்கு வேலை செய்யாது. மூச்சை மெஷின் பாத்துக்கும், கிட்னி கெட்டுப்போகாம இருக்க டிரிப்ஸ் ஏத்தறோம். விஷம் தானா இறங்கணும்."

ஐந்து நாள் தேசம்மா வென்டிலேட்டரில் இருந்தாள். கண் திறக்காவிட்டாலும் காது கேட்கலாம் என்று ரூபீனாவுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டே தொட்டாள். "தேசம்மா, உன்னைத் திருப்பிப் படுக்க வைக்கறேன். உன் வீட்டுக்காரர் வெளியதான் இருக்காரு."

மூன்றாம் நாள் கேன்டீனில் சுஹாஸ் சொன்னான். "தேடிப் பார்த்தேன் சிஸ்டர். அந்த விஷ வரிசையில கடல்பாம்புங்களும் மேலதான் இருக்கு."

"இருக்கட்டும் டாக்டர். எத்தனாவதா இருந்தா என்ன? அஞ்சப்பனுக்கு ஒரு மெஷின் இருந்திருந்தா போதும்."

ஆறாம் நாள் மூச்சுக் குழாயை எடுத்தார்கள். தேசம்மா கரகரத்த குரலில் முதலில் கேட்டது, "அந்த மீனை யாரு வித்தா?"

"எங்க அக்கா வித்துடுச்சு. நீ சும்மா கெட," என்றார் மாசிலாமணி. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தேசம்மா ரூபீனாவைப் பார்த்தாள். "நீ பேசினதெல்லாம் கேட்டுச்சும்மா. பதில் சொல்லத்தான் முடியல."

ரூபீனா சரி என்று தலையாட்டிவிட்டுக் கைகழுவும் தொட்டிப் பக்கம் போனாள். திரும்பிவர நேரமாயிற்று.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நொச்சிக்குப்பத்துக்குப் போனாள். தேசம்மாவுக்கு இன்னும் கூடை தூக்கத் தெம்பில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து விற்றுக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி நாலைந்து பெண்கள் வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ரூபீனா அவர்களிடம் போய், பாம்பு கடித்தால் வலிக்காவிட்டாலும் அன்றைக்கு முழுக்க ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும் என்றாள்.

"வலிக்கலன்னா எதுக்குக்கா ஆஸ்பத்திரி?" என்றாள் ஒருத்தி.

"எனக்கும் வலிக்கலடி," என்றாள் தேசம்மா ஸ்டூலில் இருந்தபடியே. "சொல்றத கேளு."

இரண்டு பேர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மற்றவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். ரூபீனா இன்னொரு முறை முதலிலிருந்து சொன்னாள். பிறகு தேசம்மாவிடம் அரைக் கிலோ சங்கரா மீன் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.