இன்னொரு முறை போடுங்கள்

கம்பெனியின் நீலச் சட்டையை அன்றைக்கும் இஸ்திரி போட்டுத்தான் உடுத்தியிருந்தார் அவர். ஷிப்ட் முடிந்து நேராக வந்ததால் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, நடுவில் நெருப்புக் குழி. மருந்து உடம்பில் இருக்கும்வரை சாமி இறங்காது என்று நம்புகிறவர்கள் அங்கே கூடுவார்கள். அவர்களைப் பற்றிய ஆவணப்படத்துக்கு நான் ஒளிப்பதிவாளர். தன் ஏழு வயது மகளின் வலிப்பு மாத்திரைகளை எரிக்க வந்திருந்தார் அந்தத் தகப்பன்.

பயமுறுத்துகிற ஆட்களை எதிர்பார்த்துப் போயிருந்தேன். எல்லாரும் அண்ணா என்று கூப்பிட்ட தலைவரோ எங்களுக்கு நாஷ்டா வாங்கி வைத்து, "சாப்டுக்கினே புடிங்க சார், இன்னா அவசரம்" என்று சிரித்தார். அந்தச் சிறுமி என் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விளையாடினாள். நடப்பதைப் பதிவுசெய்வதுதான் நம் வேலை, தலையிடுவதல்ல என்று இயக்குநர் சொல்லியிருந்தார். எனக்கும் அது வசதியாக இருந்தது. என் வீட்டிலும் அதே வயதில் ஒரு மகள் இருந்தாள்.

மருந்துக்கடைக் காகித உறையை அவர் நெருப்பில் போட்டார். எனக்கு போகஸ் தவறிவிட்டது. இன்னொரு முறை போடுங்கள், மாத்திரை அட்டை தெரியட்டும் என்றேன். கல்யாண வீடுகளில் மாலை மாற்றுவதைத் திரும்பச் செய்யச் சொல்லிப் பழகிய வாய். அவர் அசையாமல் நின்றார். கூட்டத்தைப் பார்த்தார், அண்ணாவைப் பார்த்தார். பிறகு பேண்ட் பைக்குள் கைவிட்டு ஒரு முழு அட்டையை எடுத்துப் போட்டார். கேமராவுக்குக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை சிறுமிக்கு வந்த வலிப்பு நிற்கவே இல்லை. எங்கள் வேனில்தான் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிர் தங்கியது. பேச்சு திரும்பப் பல வாரங்கள் ஆயின. மருத்துவமனை வராந்தாவில் அவர் என்னைத் திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை.

"மொத தபா போட்டது காலி கவரு சார். இவங்க யாருக்கும் தெரியாம மாத்திரை குடுத்துக்கினுதான் இருந்தேன். அந்த மாசத்துக்கு இருந்ததே அந்த ஒரு அட்டைதான். நீங்க திரும்பக் கேட்டீங்க, எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க. நான் இன்னா பண்றது?"

இதை நான் இயக்குநரிடம் சொல்லவில்லை. படத்தில் அந்த இரண்டாவது முறைதான் இருக்கிறது.

இப்போது கல்லூரியில் படிக்கும் என் மகள் போன வாரம் அதைப் பார்த்தாள். அந்த இடத்தில் நிறுத்தி, போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இவரெல்லாம் ஒரு அப்பாவாப்பா?"

அவள் காட்டியது அவரைத்தான். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.