பூட்ஸின் ஓரம்

எண்பதுகளின் கடைசியில், தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் எட்டு மணி ரயிலில் தினமும் ஒருவர் என் எதிரே உட்காருவார். வழுக்கைத் தலை, கசங்காத வெள்ளைச் சட்டை. வண்டி கிளம்பியதும் பூட்ஸைக் கழற்றி, மடியில் விரித்த செய்தித்தாள்மேல் வைத்துக்கொள்வார். அடித்தோலின் ஓரத்தில் கறுப்புப் பாலிஷ் தடவி, மெழுகுவத்தித் துண்டால் தேய்த்து, பல்லாவரம் வருவதற்குள் பளபளக்கச் செய்துவிடுவார். மேல்தோல் வெடித்துக் கிடக்கும். அதைத் தொடமாட்டார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "மேல விட்டுட்டு ஓரத்தை மட்டும் தேய்க்கிறீங்களே, ஏன்?"

"செருப்புக் கடைல சேல்ஸ்மேன் சார் நானு. நாள் பூரா வாசலுக்கு முதுக காட்டி முட்டி போட்டுகினு கீறேன். உள்ள வர்ற கஸ்டமருக்கு என் மூஞ்சியா தெரியுது? பூட்ஸோட அடிதான் தெரியும்."

பிறகு எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. இரண்டு வருஷம் கழித்து, ஒரு தீபாவளிச் சமயம், பாரிமுனையில் ஒரு செருப்புக் கடைக்குள் நுழைந்தேன். நாலைந்து பேர் முதுகைக் காட்டி மண்டியிட்டிருந்தார்கள். ஒரு ஜோடி பூட்ஸின் ஓரம் மட்டும் பளபளத்தது. அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

அவர் நிமிரவில்லை. என் பழைய பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்:

"தாம்பரம் சார்தான? இன்னும் ஓரத்த கவனிக்காமயே வச்சிகினு கீறீங்களே."