தமிழில் பூட்டி வைத்த ஃபைல்

என்னிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் போன மாதம் ஒரு மர்ம நாவலைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். அதில் ஒரு மனநல ஆலோசகருக்குக் குற்றவாளி யார் என்று தெரியும். தெரிந்தது ஒரு பேஷன்ட் மூலம் என்பதால் வாய் திறக்க முடியாது. முந்நூறு பக்கம் தவிக்கிறார். கடைசிப் பக்கத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிடுகிறது.

"நிஜத்துல இப்படி நடக்குமா மேடம்?" என்று கேட்டாள். தவிப்பு நடக்கும், அந்தக் கடைசிப் பக்கம்தான் வராது என்றேன். அவளுக்காகவும் இந்தத் தொழிலுக்கு வரப்போகிற மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பெயர், வயது, வேலை, இடம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். மாற்றாதது என் தவறு ஒன்றைத்தான்.

1. என் பூட்டு

வீடு பம்பாய் செம்பூரில். வாரத்தில் இரண்டு நாள் தாராவியில் ஒரு அறக்கட்டளையின் கிளினிக்கில் மனநல ஆலோசகராக உட்காருவேன். அங்கே இருந்த ஸ்டீல் அலமாரிக்குப் பூட்டு வேலை செய்யாது. புதுப் பூட்டு கேட்டு நான் அலையவும் இல்லை. ஏனென்றால் கேஸ் நோட்ஸ் முழுவதையும் தமிழில் எழுதிவந்தேன். ரிசப்ஷனில் இருக்கும் சுனந்தாவுக்கு மராத்தி, டாக்டருக்கு இந்தி. தமிழ் பேசுகிற இளவட்டங்களோ இந்தி மீடியத்திலும் இங்கிலீஷ் மீடியத்திலும் படித்தவர்கள். தமிழ்ப் போஸ்டரைக்கூட படம் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். ஃபைலின் மேல் நம்பர் மட்டும் இருக்கும். இதைவிடப் பாதுகாப்பு எங்கே என்று எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

மலருக்கு இருபத்து நான்கு வயது. அண்ணன் செந்தில் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றதற்காக அடி வாங்கிக்கொண்டிருந்தாள். வீட்டை விட்டுப் போனால் தேடி வந்து வெட்டுவேன் என்று அவன் சொல்லியிருந்தான். சொன்னதைச் செய்கிறவன் என்று அவள் பயந்தாள். நான்கு முறை என்னிடம் வந்தாள். பிறகு காணாமல் போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை புது நம்பரிலிருந்து போன் வந்தது. பம்பாய்க்கு வெளியே கோபர்கைரனேயில் இரண்டு பெண்களோடு ரூம் எடுத்திருக்கிறாள், பேக்கிங் வேலை கிடைத்திருக்கிறது. செக்டர் நம்பர், பில்டிங் பெயர் எல்லாம் சொன்னாள்.

"யார் கேட்டாலும் சொல்லாதீங்க மேடம். அம்மா கேட்டாலும்."

சொல்ல மாட்டேன் என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதி முடித்தபோது கதவு திறந்தது.

2. படி

முன்னால் செந்தில். பின்னால் அவன் அம்மா பேச்சியம்மாள், வீட்டில் இட்லி அவித்து விற்கிறவர். வாசலில் சுனந்தா மராத்தியில் கத்திக்கொண்டிருந்தாள்.

"மேடம், என் தங்கச்சி இங்க வந்துட்டு இருந்தா. எனக்குப் பக்கா தெரியும். எங்க இருக்கா?"

"இங்க யார் வர்றாங்க, யார் வர்றதில்லைன்னு நான் வெளியே சொல்றதில்ல தம்பி."

"சும்மா குமாவோ மத்!" சுற்றி வளைக்காதே என்று மேஜையைத் தட்டினான். அந்த அம்மா அழுதுகொண்டே முன்னால் வந்தார்.

"எம்மா, எடம் எல்லாம் சொல்லாண்டாம். எம்புள்ள உசுரோட இருக்காளா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க. பதினஞ்சு நாளா எங்கெங்கயோ போயி யாரு யாரு பொணத்தையோ பாத்துட்டு வாரேன்."

உயிரோடு இருக்கிறாள் என்று சொன்னால், எனக்குத் தெரியும் என்று அர்த்தம். எனக்குத் தெரியும் என்றால் செந்தில் விட மாட்டான். அரை மணி நேரம் முன்பு மகளின் குரலைக் கேட்ட காதோடு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வேலையை அவ்வளவு வெறுத்தது வேறெப்போதும் இல்லை.

ஃபைல் மேஜைமேல் என் கைப்பக்கம் இருந்தது. டிராயரில் போட்டிருக்கலாம். பம்பாயில் பிறந்த பையன், இவனுக்கு எங்கே தமிழ் படிக்கத் தெரியும் என்ற நினைப்பு. வெடுக்கென்று அதை எடுத்துப் புரட்டினான். படிக்கத் தெரியவில்லைதான். உடனே அம்மாவிடம் நீட்டினான்.

"அம்மா, இது தமிழ்தான? படி."

அவர் ஊரில் எட்டாவது வரை படித்தவர் என்பதோ, தினமும் தந்திப் பேப்பர் வாங்கிப் படிக்கிறவர் என்பதோ எனக்குத் தெரியாது. இட்லி விற்கிற அம்மாவுக்கு எழுத்து தெரியாது என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன். பாய்ந்து பிடுங்கினால் அதுவே பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும். "அது வேற ஒருத்தரோடது, குடுங்க" என்று கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிற மாதிரி உதடு அசையப் படித்தார். கடைசி வரியில் நெடுநேரம் நின்றார். அங்கேதான் பில்டிங் பெயர் இருந்தது.

"இது நம்ம புள்ள இல்லலே," என்றார். "யாரோ ஒறக்கம் வராத பொம்பளையப் பத்தி எழுதியிருக்கு. வா, போவோம்."

3. பத்து நாள்

பொய் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எத்தனை நாளைக்கு அந்தப் பொய் தாங்கும் என்பதுதான் தெரியாது. அன்றே மலருக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது என்று நடந்ததைச் சொன்னேன்.

"அண்ணன் ரெண்டு சத்தம் போட்டா அம்மா சொல்லிருவா மேடம். எப்பவும் அப்படித்தான்."

வேறு இடம் ஏற்பாடு செய்கிறேன், போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்றேன். கிடைத்த வேலையை விட்டு இன்னும் எங்கே ஓடுவது என்று கேட்டாள்.

அதன்பிறகு போன் அடித்தால் முதலில் யார் நம்பர் என்று பார்ப்பேன். ரயிலில் பக்கத்துப் பெண்மணியின் பேப்பரை எட்டிப் பார்ப்பேன், கோபர்கைரனே என்று ஏதாவது இருக்கிறதா என்று. வீட்டுக்காரர் என்னவென்று கேட்டால் தலைவலி என்பேன். அவரிடமும் சொல்ல முடியாதே.

பத்தாவது நாள் பேச்சியம்மாள் தனியாக வந்தார். சுனந்தாவிடம் பெயர் கொடுத்து, டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே வந்தார்.

"எம்மா, பேரு குடுத்துட்டு வந்து பேசுனா, நீங்க யார்ட்டயும் சொல்லமாட்டியளே?"

"சொல்ல மாட்டேன்."

"எம்மவகிட்டயும்?"

எதற்குக் கேட்கிறார் என்று புரியாமலே தலையாட்டினேன்.

"போயிப் பாத்துட்டேன். ரயில் டேசன்ல, ஓரமா நின்னுக்கிட்டு. டிபன் டப்பாவோட எறங்கி வந்தா. கொஞ்சம் சதை போட்டிருக்கா. அவ என்னயப் பாக்கல."

"கூப்பிடலையா?"

"எப்பிடிக் கூப்புட? எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா போனு போடுவா. எம்போன எம்மவன் தெனமும் நோண்டுதான்." மூக்கைச் சிந்திக்கொண்டார். "வீட்ல இன்னும் அழுதுக்கிட்டேதான் கெடக்கேன். நிறுத்துனா கண்டுபுடிச்சிருவான்."

அவர் போன பிறகு அலமாரிக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். யாருக்கு என்ன தெரியாது என்று கணக்குப் போடுவதையும் அன்றோடு விட்டேன். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன்: எழுதியதைப் பூட்டி வையுங்கள், எந்த மொழியும் பூட்டாகாது. அன்று மலரைக் காப்பாற்றியது என் சாமர்த்தியம் அல்ல. நான் ஏமாந்த இடத்தில் அந்த அம்மா ஏமாறவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் மலர் போன் செய்கிறாள். அம்மா என்றைக்காவது சொல்லிவிடுவாள் என்ற பயத்தில் தூக்கமில்லை என்கிறாள். உன்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அம்மா இன்னும் அழுகிறாள் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்தப் பெண் நிம்மதியாகத் தூங்குவாள். அது அவள் அம்மாவின் வாக்கியம், எனக்குச் சொல்ல உரிமையில்லை. மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறேன். நாலு எண்ணும்வரை இழு, ஆறு எண்ணும்வரை விடு. அவள் எண்ணுவது போனில் கேட்கிறது, நானும் கூடவே எண்ணுகிறேன்.