வளையல் அணிந்து சொன்ன பதில்கள்

மகளின் எட்டாவது மாதத்தில் ஒருநாள், குளிப்பாட்டிவிட்டு அவள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். அவளுடைய கால்கள் கத்தரிக்கோல்போல ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. குளிரில் நடுங்குகிறாள் என்று நினைத்தேன். மதுரையில், சித்திரை மாதத்தில், குளிர்! அப்படி எப்படி நினைத்தேன் என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றரை வயதில்தான் நோயின் பெயர் தெரிந்தது. பெருமூளை வாதம் (வளரும் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பால் தசைகள் கட்டுப்பாட்டை இழப்பது).

"இது கூடிக்கிட்டே போற நோய் இல்லம்மா. ஆனா தசைய இறுக விட்டுறக் கூடாது. தினமும் நீட்டி மடக்கணும்" என்றார் மருத்துவர்.

நீட்டி மடக்கினேன். சரியாகத்தான் செய்கிறேனா என்று தெரியாது. வாரம் ஒருமுறை விளாங்குடியிலிருந்து பஸ்ஸில் அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுவேன். தூக்கித் தூக்கி என் வலது மணிக்கட்டு வீங்கியது. தசைநாண் அழற்சி (கட்டைவிரலை இயக்கும் நாண் வீங்கி வலிப்பது) என்றார்கள். எலாஸ்டிக் பேண்டேஜ் சுற்றி, பாரம் தூக்க வேண்டாம் என்றார்கள். என் மகள் அப்போது பதினோரு கிலோ.

அந்த நேரத்தில்தான் மருத்துவமனையில் ஒரு ஆய்வுக் குழு எங்கள் பெயரை எழுதிக்கொண்டது. இப்படிப்பட்ட குழந்தைகளை வளர்ப்பவர்களின் நிலையை வீட்டுக்கே வந்து கேட்பார்களாம். சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, குழந்தைக்குத் தசைப்பயிற்சி கொடுக்க வாரம் இருமுறை இயன்முறைப் பயிற்சியாளரை அனுப்புவார்களாம்.

தேர்ந்தெடுப்பார்கள் என்ற சொல்தான் என்னைக் கெடுத்தது. நான் பி.எட். படித்தவள். தேர்வு என்றால் நல்ல மதிப்பெண் எடுக்க வேண்டும் என்று மட்டும்தான் தெரியும். பொறுப்பான வீட்டுக்குத்தானே நம்பி ஆள் அனுப்புவார்கள்? முடியவில்லை என்று சொன்னால், குழந்தையைப் பார்க்கத் தெரியாத தாய் என்று எழுதிவிட்டால்?

அவர்கள் வருவதாகச் சொன்ன நாளில் வீட்டைக் கழுவினேன். மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டினேன். பேண்டேஜை அவிழ்த்து அலமாரியில் வைத்துவிட்டு, வீங்கிய கையில் சோப்பு தடவிக் கண்ணாடி வளையல் ஏற்றினேன்.

"வெளியாளு முன்னாடி அழுது வைக்காத, என்ன?" என்றார் என் கணவர்.

"நான் எதுக்குங்க அழுகப் போறேன்?"

வந்தவள் சின்னப் பெண். கையில் டேப்லெட். "சரி, தப்புன்னு எதுவும் இல்லக்கா. உள்ளத உள்ளபடி சொல்லுங்க" என்று சொல்லித்தான் ஆரம்பித்தாள். பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார்.

"குழந்தையப் பாத்துக்கறதால உங்க உடம்பு பாதிக்குதா? ஒருபோதும் இல்ல, எப்பவாவது, அடிக்கடி, எப்பவும்."

"ஒருபோதும் இல்ல."

"மனசு விட்டுப்போகுதா?"

"ஒருபோதும் இல்ல."

"இவ ஒத்த ஆளா அம்புட்டையும் பாத்துக்குவாம்மா" என்றார் கணவர் பெருமையாக. நானும் சிரித்தேன்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் போனில் அழைத்தாள். "உங்க வீடு சுமை குறைஞ்ச பிரிவுல வருதுக்கா. பயிற்சியாளர் இப்ப வர மாட்டாங்க. ரொம்பக் கஷ்டப்படுற வீடுகளுக்குத்தான் முதல்ல."

"நான் சொன்னத மாத்திச் சொல்லலாமாம்மா?"

"ஒரு தடவ பதிவாயிட்டா முடியாதுக்கா. அடுத்த சுற்று ஒரு வருசம் கழிச்சு."

அந்த ஒரு வருடத்தில் என் கை முடியாத வாரங்களில் மருத்துவமனைக்குப் போகவில்லை. வீட்டில் செய்ததும் அரைகுறை. மகளின் குதிகால் தரையைவிட்டு எழும்பத் தொடங்கியது. தசைச் சுருக்கம் (தசை குறுகி, நீட்டினாலும் நீளாமல் போவது) என்றார் மருத்துவர். இரு கால்களுக்கும் வாரத்துக்கு வாரம் மாற்றும் மாவுக்கட்டு.

"வீட்டுக்கு ஆள் வந்து பயிற்சி குடுத்திருந்தா இப்படி ஆகியிருக்காதா சார்?"

"தள்ளிப் போயிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாதும்மா."

என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். உறுதியாகச் சொல்லியிருந்தால் ஒருமுறை அழுது முடித்திருப்பேன்.

அடுத்த சுற்றுக்கு அதே பெண் வந்தாள். வீட்டைக் கூட்டவில்லை. மாவுக்கட்டோடு மகள் பாயில் கிடந்தாள். கணவர் நாற்காலியை இழுத்தார். "ஏங்க, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றேன். அவர் மகளின் கால்களைப் பார்த்தார். எழுந்து போனார்.

அதே கேள்வி. "எப்பவும்" என்றேன்.

அவள் திரையைப் பார்த்தாள். "போன தடவ ஒருபோதும் இல்லன்னு சொல்லியிருக்கீங்களேக்கா?"

"போன தடவ கையில இருந்த பேண்டேஜ அவுத்து வச்சிட்டுச் சொன்னேன்மா."

அதை எழுத அவள் படிவத்தில் இடம் இல்லை. எங்கள் வீட்டில் சுமை ஓராண்டில் கூடிவிட்டது என்று மட்டும் அது சொல்லும். நான் வளையல் போட்ட கதை எந்த அறிக்கையிலும் வராது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கும் அப்படி யாராவது வந்தால், வீட்டைக் கழுவாதீர்கள். பேண்டேஜை அவிழ்க்காதீர்கள். நல்ல தாய் என்று பெயர் எடுத்தவளுக்கு உதவி கடைசியில்தான் வருகிறது.

இப்போது பயிற்சியாளர் வருகிறார், செவ்வாயும் வெள்ளியும். மாவுக்கட்டு பிரித்தாயிற்று. என் மணிக்கட்டு துணி பிழியும்போது இன்னும் வலிக்கிறது. வளையல் போடுவதை விட்டுவிட்டேன். நாட்களை நான் மாதங்களாக எண்ணுவதில்லை. தினமும் காலையில் மகளைச் சுவரோரம் நிறுத்தி, அவள் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்க்கிறேன். மாவுக்கட்டு போடுவதற்கு முன்பு இரண்டு விரல் போனது. நான் வளையல் போட்டுக்கொண்டு சிரித்த அன்று, ஒரு விரலும் போகாது.

இன்று காலை சுண்டுவிரல் மட்டும் போனது.