ஒரே கடிதத்தில் நீங்களும் நீயும்

எழுபதுகளில் மெல்பேர்னில் ஒரு பல்கலைக்கழகத்தில் தட்டெழுத்தாளனாக இருந்தேன். லத்தீன் கற்பித்த ஒரு பெண் விரிவுரையாளரின் கட்டுரைகளை அடித்துக் கொடுப்பது என் வேலை. அவருக்கு அப்போது ஒரே கவலை. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசன் பேரரசனுக்கு எழுதிய கடிதம், ‘வோஸ்’ என்று மரியாதைப் பன்மையில் தொடங்கி, பாதியில் ‘தூ’ என்று ஒருமைக்கு இறங்கிவிடுகிறது. எழுதியது ஒருவரா, இருவரா?

“ஒருவர்தான்” என்றேன், அடித்தபடியே. “எங்கள் மொழியிலும் நீங்கள், நீ உண்டு. கோபம் வந்தால் என் மனைவியும் இப்படித்தான் இறங்குவாள்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அதை நான் கேட்க வேண்டுமே!”

வாய் சும்மா இருக்கவில்லை. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லிவிட்டேன். மனைவியிடம் அதைச் சொன்னது ஞாயிறு காலையில்தான்.

“என்ன விசயமா வாறா?”

“அந்தக் கால ராசாக்கள் ஆளையாள் எப்பிடிக் கூப்பிட்டவை எண்டு ஆராய்ச்சி. பன்மையெண்டா ‘வோஸ்’, ஒருமையெண்டா ‘தூ’.”

“பேரரசனைப் பாத்துத் ‘தூ’ எண்டோ எழுதினவன்? தலையை எடுக்காம விட்டவங்களோ?”

மல்கிரேவில் எங்கள் வாடகை வீட்டுக்கு அவர் குறிப்புப் புத்தகத்தோடு வந்தார். ‘ங்கோ’ என்று முடிந்தால் மரியாதை என்று மட்டும் அவரிடம் சொல்லிவைத்திருந்தேன்.

பட்டுச் சேலை கட்டிய மனைவி அன்று பணிவின் உருவமாக இருந்தாள். “இஞ்சாருங்கோ, இடியப்பத்தை அங்கால குடுங்கோ. நீங்களும் இருங்கோ.” விரிவுரையாளர் ஒவ்வொரு ‘ங்கோ’வுக்கும் ஒரு கோடு போட்டார். பதினேழு கோடுகள். ஒருமை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் மானம் போகிறதே என்ற பதற்றத்தில் குசினி அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கி மேசையில் வைத்த தேங்காய்ப்பால் சொதிச் சட்டியைத் துணி பிடிக்காமல் தூக்கினேன். சுட்டது; விட்டேன். சொதி மேசையெல்லாம் ஓடி அவள் சேலையில் வடிந்தது.

“உனக்குக் கண் தெரியேல்லையே? தள்ளு! குசினிப் பக்கம் இனி வராத!”

விரிவுரையாளர் கதிரையை விட்டு எழுந்தே விட்டார். “‘ங்கோ’ இல்லை!”

அவள் கோபத்தில் ‘நீ’ என்பதைக் கேட்கத்தான் அவரை அழைத்தேன் என்ற உண்மையை மனைவியிடம் அசடு வழியச் சொன்னேன். அவள் மிக மெல்லிய குரலில், “நீங்கள் சாப்பிடுங்கோ. அவ போகட்டும், கதைப்பம்” என்றாள். பன்மை திரும்பி வந்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

விரிவுரையாளரோ அவளிடமே கேட்டார், யோசித்தா மாற்றினீர்கள் என்று. “யோசிக்க எங்க நேரம்? சீலை போச்சு!”

மறுநாள் அவர் கடிதத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தார். ஒருமை தொடங்கும் இடத்தில்தான் அரசன், தன் தூதர்களைப் பேரரசன் வாசலில் காக்கவைத்ததைச் சொல்லிப் பொருமுகிறான். எழுதியவர் ஒருவரே என்று முடிவு கட்டினார். கட்டுரையின் அடிக்குறிப்பில், கோபத்தில் இலக்கணம் கற்பித்த மெல்பேர்ன் இல்லத்தரசி ஒருவருக்கு நன்றி சொல்லியிருந்தார். அதையும் நான்தான் அடித்தேன்.

அச்சுப் பிரதியை மனைவி இரண்டு தரம் வாசித்தாள். “நான் எப்ப உங்களை நீ எண்டனான்?”

“ஒருநாளும் இல்லை” என்றேன்.