சீட்டில்லாத சைக்கிளும் அலறுகிற பிரேக்கும்

ஊரார் சைக்கிளுக்கெல்லாம் பிரேக் சரிபார்ப்பதும், சீட்டே இல்லாத சைக்கிளில் பாறை ஏறுவதும் என் தொழில். இரண்டிலும் உட்காருவதற்கு மட்டும் வழியே கிடையாது.

கையில் கிரீஸும் முட்டியில் பிளாஸ்திரியுமாக அலைகிற என் இனத்து மக்களே, உங்களுக்கு நான் ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடப் போவதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. ட்ரையல்ஸ் என்றால் யாரும் யாரையும் முந்துகிற பந்தயம் இல்லை. பாறை, சுவர், மரப்பெட்டி என்று எதிரே என்ன இருக்கிறதோ அதன்மேல் சைக்கிளோடு தவ்வி ஏறி, கால் கீழே படாமல் இறங்க வேண்டும். கால் பட்டால் ஒரு தப்பு. ஆமத்தூரில் நான் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பிரேக் பார்க்கச் சொல்லி இப்படியொரு சைக்கிளை விட்டுவிட்டுப் போனார். பிரேக்கைச் சோதிக்கிற சாக்கில் கடை வாசல் படியில் ஒரு தவ்வு தவ்விப் பார்த்தேன். அவர் திரும்பி வருவதற்குள் ஆமத்தூரில் நான் ஏறாத படி இல்லை. பிறகென்ன, சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டேன்.

காணாமல் போனது

வாங்கிய மறுநாள் காலை, மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கில் நின்று பயிற்சி செய்துகொண்டிருந்தேன். முதல் பாடம், சைக்கிளை நகர்த்தாமல், காலையும் ஊன்றாமல், மிதிமேல் அப்படியே நிற்பது. ஒரு பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நின்றது. உள்ளே இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் சாய்ந்ததில் வேனே ஒருபக்கமாகச் சரிந்தது.

“சீட்டு எங்கத்தா?” என்றார் ஒருவர். “வெயில்ல உருகிருச்சா?” என்றார் இன்னொருவர். “இதுக்குச் சீட்டே கிடையாதுக்கா. தவ்வும்போது இடிக்கும்” என்று நான் விளக்க விளக்க, அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. வேன் கிளம்பும்போது கடைசி ஜன்னலில் இருந்த அக்கா மட்டும் தலையை வெளியே நீட்டி, மனசு கேட்காமல் கேட்டார்: “ஏத்தா, சீட்டைக் களவாண்டவன் சைக்கிளையும் சேத்துக் கொண்டுபோக வேண்டியதுதான? அவனுக்கே புடிக்கலையோ?”

நெஞ்செலும்பு

ட்ரையல்ஸில் பிரேக் என்பது மெதுவாக்குவதற்கு இல்லை. ஒரு விரலால் தொட்டால் சக்கரம் அங்கேயே செத்துவிட வேண்டும். அதற்காக ரிம்மின் ஓரத்தைக் கிரைண்டர் வைத்துச் சொரசொரப்பாக்குவோம். அதன்மேல் பிரேக் கட்டை உரசினால் வருகிற சத்தம் இருக்கிறதே, அது சத்தமில்லை, மரண ஓலம். கிரைண்டர் பிடித்த வாரம் முழுக்கத் தினமும் காலையில் வீட்டுக்குப் பின்னால் பிரேக் பிடித்துப் பிடித்துப் பழகினேன். என் வீட்டுக்காரர் தர்மர் சிவகாசியில் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவர். அந்த இரைச்சலிலேயே வாழ்கிறவர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டுதான் டீ குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை, எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த மாமா தூக்குவாளியோடு வாசலில் வந்து நின்றார். கூச்சப்பட்டுக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். “என்ன மாமா வேணும்?” என்றேன். தூக்குவாளியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “வாரம் பூரா காலையில ஆடு அறுக்கீக, பக்கத்துல இருக்கவன் ஒருவார்த்தை கேக்கலைன்னா மருவாதியா இருக்காது. நெஞ்செலும்பாப் பாத்து அரைக்கிலோ போடுங்க.”

அண்ணாச்சியின் வைத்தியம்

டிஸ்க் பிரேக்கில் கட்டை கவ்விப் பிடிக்கிற தட்டில் எண்ணெய் படக் கூடாது. கடைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியே வைத்திருக்கிறேன். விருதுநகரில் மளிகை மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், டாக்டர் நடக்கச் சொன்னார் என்பதற்காக கியர் சைக்கிள் வாங்கினார். நடப்பதைவிட அது சுலபம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிரேக் கொஞ்சம் கீச்சிட்டது. என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீட்டில் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் இருந்தது. முன் டிஸ்க்குக்கும் பின் டிஸ்க்குக்கும் தலைக்குத் தேய்க்கிற மாதிரி அக்கறையாகத் தேய்த்துவிட்டார்.

புறப்பட்டவர் பஜார் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தார். பிடித்தது பிடித்தபடியே போய்க்கொண்டிருந்தார். வழியில் நின்றவர்களெல்லாம், அண்ணாச்சிக்கு என்ன அவசரமோ என்று ஒதுங்கி வணக்கம் வேறு வைத்திருக்கிறார்கள். பதில் வணக்கம் வைக்கக் கையை எடுக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே, ஒரு புரோட்டாக் கடைக்குள் நுழைந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் மேசைக்கு அடியில் முன்சக்கரத்தைச் செருகி நிறுத்தினார். யாருக்கும் அடியில்லை. சால்னாதான் கொட்டியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் கடைக்கு வந்து, வேட்டியில் சால்னா சொட்டச் சொட்டக் கம்பீரமாகச் சொன்னார்: “நீ ஒண்ணும் நெனச்சுக்கிராத தாயி, வைத்தியம் சரிதான். சத்தம் நின்னுருச்சு. சைக்கிளுதான் நிக்க மாட்டேங்குது.”

பொறி

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு என்னை வித்தை காட்டக் கூப்பிட்டார்கள். பூஜை முடிந்து எல்லாருக்கும் பொரியும் சுண்டலும் கொடுத்த கையோடு நான் ஏற வேண்டும். கேட்டில் செல்போனை வாங்கி வைத்தார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அப்புறம் போர்மேன் வந்தார். ஐம்பது வயது, ஒட்டிப்போன உடம்பு, சிரிக்காத முகம். சைக்கிளைச் சுற்றி வந்தவர், பல்சக்கரத்துக்குக் கீழே இருக்கும் தடித்த தகட்டைத் தடவிப் பார்த்தார்.

“இது எதுக்கு?” என்றார். “பாறையில இடிச்சா சங்கிலி அறுந்துரக் கூடாதுல்லண்ணே, அதுக்கு.” “கல்லுல இடிச்சாப் பொறி வருமா?” நானும் வித்தைக்காரி பெருமையில், “சூப்பரா வரும்ணே! பாக்கவே பட்டாசு மாதிரி இருக்கும்” என்று சொல்லித் தொலைத்தேன். அந்த மனிதர் சைக்கிளை ஒரு சொடுக்கில் தூக்கி, தூங்குகிற பிள்ளையைச் சுமக்கிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எதிரே கிடந்த கரிசல் காட்டின் நடுவில் போய்த்தான் இறக்கி வைத்தார். பின்னாலேயே வெறுங்காலோடு ஓடிய எனக்கு அப்போதுதான் உறைத்தது, நான் எந்த இடத்தில் நின்று என்ன வார்த்தை சொல்லியிருக்கிறேன் என்று.

“மன்னிச்சிருங்கண்ணே” என்றேன். அவர் ஆட்களைக் கூப்பிட்டு, பழைய லாரி டயர்களையும் மரப்பலகைகளையும் அந்தக் காட்டில் அடுக்கச் சொன்னார். கம்பெனி முழுக்க வெளியே வந்து நின்று பார்த்தது. டயர் மேல் டயராக ஆறு டயர் ஏறினேன். ஏறின ஒவ்வொரு டயருக்கும் விசில் பறந்தது. கடைசியில் போர்மேனும் கைதட்டினார். போகும்போது பக்கத்தில் வந்து சொன்னார்: “நல்லாத்தான் ஏறுற தாயி. ஆனா எங்க சரக்கு தீவாளிக்குத்தான் வெடிக்கணும், ஒனக்காகப் பூஜையன்னைக்கே வெடிக்கக் கூடாது.”

தண்ணீர்

விருதுநகருக்கு வெளியே ஒரு பழைய கல்குவாரியில் போட்டி. எட்டுப் பேர். மற்ற ஏழு பேரும் சென்னை, பெங்களூர்க்காரர்கள். நான் ஒருத்திதான் உள்ளூர் என்பதால் எங்கள் தெருவே இரண்டு லோடு ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தது. கடைசிப் பாறை என் நெஞ்சு உயரம். வெயில் காலம் முழுக்க அதே பாறையில் ஏறிப் பார்த்து, விழுந்து, முழங்கையில் தோலே மிச்சமில்லை. ஒரு தடவைகூட ஏறியதில்லை.

என் முறை வருவதற்குச் சற்று முன்னால் பின் பிரேக்கை அழுத்தினேன். விரல் கைப்பிடி வரை தொளதொளவென்று போய்விட்டது. இந்தப் பிரேக்கில் கம்பி கிடையாது. மெல்லிய குழாய்க்குள் இருக்கும் எண்ணெய்தான் பிரேக் கட்டையைத் தள்ளும். குழாய் முனை கழன்று எண்ணெய் முழுக்கக் கல்மேல் ஊற்றியிருந்தது. மாற்று எண்ணெய் கடையில் இருக்கிறது. கடை ஆமத்தூரில் இருக்கிறது. நடுவர் பத்து நிமிஷம் கொடுத்தார்.

அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றினாலும் ஓரளவு பிடிக்கும் என்று எப்போதோ கேள்விப்பட்டது ஞாபகம் வந்தது. “ஏங்க, தண்ணி!” என்று கத்தினேன். தர்மர் ஓடிப்போய், பாசமாகச் சோடா வாங்கி வந்தார். “குழாய்க்குள்ள காத்துக் குமிழி ஒண்ணு இருந்தாலே பிடிக்காது, நீங்க குமிழியாவே வாங்கிட்டு வந்திருக்கீக!” என்று நான் அலற, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாண்டியம்மா மதினி தன் பாட்டிலை நீட்டினார். எங்கள் தெருவில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். முனையை முறுக்கி, என் பையில் இருந்த, பிரேக்குக்கு எண்ணெய் ஏற்றுகிற ஊசிக்குழலால் தண்ணீரை ஏற்றி, குமிழியெல்லாம் வெளியே தள்ளி, பிரேக்கை அழுத்தினேன். கல் மாதிரி நின்றது.

பாறைக்கு முன்னால் பின்சக்கரத்தில் நின்றேன். ஒரு மூச்சு. தவ்வினேன். சக்கரம் விளிம்பில் பட்டது, சறுக்கப் பார்த்தது, பிரேக் பிடித்துக்கொண்டது. பிடித்தது பிடித்ததுதான். மேலே நின்று பார்த்தால் தெரு முழுக்கக் குதித்துக்கொண்டிருந்தது. தர்மர் அந்தச் சோடாவை யார் தலையிலோ ஊற்றிக்கொண்டிருந்தார். எட்டுப் பேரில் ஆறாவது இடம். முதலிடம் வாங்கியவரைச் சுற்றி நாலு பேர், என்னைச் சுற்றி இரண்டு ஆட்டோ கூட்டம். அத்தனை சத்தத்துக்கும் மேலே பாண்டியம்மா மதினி காலிப் பாட்டிலைத் தூக்கிக் காட்டிக் கூவினார்: “எல்லாரும் நல்லாப் பாத்துக்கிட்டீகளா? பாறையில ஏறுனது இவ மட்டுமில்ல, எங்க வீட்டுத் தண்ணியும்தான்!”

எம்புட்டு வேகமாக வருகிற சைக்கிளையும் ஒரே விரலால் நிறுத்துகிற வித்தை எனக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுப் பேசுகிற வாயை நிறுத்தத்தான் இதுவரை எந்தக் கடையிலும் பிரேக் கட்டை கிடைக்கவில்லை.