வாயுதான்

அத்தான் இஞ்சிக்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிய காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. சிங்கப்பூரில், கிளமெண்டி வீட்டுச் சமையலறைத் தொட்டியில், அதன் கணுக்கள் ஒவ்வொன்றையும் பழைய பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டிருந்தார். சந்தையிலிருந்து வந்தது எதுவானாலும் அவருக்குச் சந்தேகப்பேர்வழி. என் அக்காவின் கணவர்; கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். ஊரே முகக்கவசம் போட்டிருந்த அந்த மாதங்களில் நான் அவர்களோடுதான் இருந்தேன்.

"இஞ்சி தலைக்கு எண்ணெய் வைக்கலையா அத்தான்?"

"சிரி மாப்ளே. கோவிட் வந்து ஐசியூல படுத்துக்கிட்டும் சிரி."

அதே மனிதர், முகக்கவசத்தின் மேல் கண்ணாடித் தடுப்பும் மாட்டிக்கொண்டு, பச்சை விளக்குக்குக் காத்திராமல், லாரிகளுக்குக் கை காட்டியபடி சிராங்கூன் சாலையைக் கடப்பார். கேட்டால், "லாரி கண்ணுக்குத் தெரியுதுலா. இது தெரியலையே!" என்பார். எனக்கு அது பதில் போலவும் இருந்தது, பதிலே இல்லாதது போலவும் இருந்தது.

அந்த இஞ்சி அவர் நெஞ்சுக்காக. கொஞ்ச நாளாக நெஞ்சைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். எங்கள் வீட்டில் அதற்கு ஒரே பெயர், வாயு. மொச்சை தின்றாலும் வாயு, பட்டினி கிடந்தாலும் வாயு, கோபத்தை விழுங்கினாலும் வாயு. ஓமத்தண்ணீர், ஓர் ஏப்பம், முடிந்தது. பெயர் தெரிந்த வலியை உறவுக்காரனைப் போல உள்ளே விட்டு உட்கார வைக்கிறோம். பெயர் புதிதாக இருந்தால் கதவைச் சாத்துகிறோம்.

அன்று மாலை வலி இடக்கைக்கு இறங்கியது. அக்கா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

"வாயுக்கு யாராச்சும் ஆம்புலன்ஸ் கூப்பிடுவாங்களா? ஆஸ்பத்திரியிலதான் அந்தச் சனியனே குடியிருக்கு!"

கத்தக் கத்தக் கொண்டுபோனார்கள். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை. வாயுவேதான். வீடு திரும்பிய சில நாளில் காய்ச்சல்; கோவிட். எங்கே தொற்றியது என்று யாருக்கும் தெரியாது. மருத்துவமனையாகவும் இருக்கலாம், சந்தையாகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம். அத்தானுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. தேறி எழுந்தபின் வருவோர் போவோரிடமெல்லாம், "வாயுவோட போனேன், கோவிட்டோட வந்தேன்" என்பார். அக்காவும் கூடச் சிரிப்பாள், பாதி வாயால்.

முகக்கவசங்கள் இழுப்பறைக்குள் போய் வெகுகாலம் ஆனபின், ஒரு ஞாயிறு மதியம் மறுபடி வலி. வாயுதான் என்றார். அக்கா கைப்பேசியை எடுத்தாள்.

"திரும்பவுமா?" என்றார் அத்தான்.

அவ்வளவுதான். அவள் கைப்பேசியை வைத்துவிட்டு இஞ்சி தட்டப் போனாள். கஷாயம் ஆறுவதற்குள் போய்விட்டார். இந்தத் தடவை இதயம்.

பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். பட்டோம், புத்தியும் வந்தது. வந்த புத்திதான் ஆம்புலன்ஸை நிறுத்தியது. அப்படியானால் அவர் பயந்தது மடமையா? பயந்தது வந்ததே! பயப்படாதது மட்டும் என்ன, அதுவும் வந்தது. எந்தப் பக்கமிருந்து யோசிக்கத் தொடங்கினாலும் நடுவழியில் நின்றுவிடுகிறேன்.

போன வாரம் தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடையில் அக்காவுடன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் நெஞ்சில் ஏதோ இறுகியது. புரோட்டாவாக இருக்கலாம். ஐம்பதை நெருங்கும் உடம்பாகவும் இருக்கலாம்.

"என்னடா முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. வா..."

மிச்ச எழுத்து வாயைவிட்டு வரவில்லை. அக்கா கை கழுவக்கூட இல்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து டாக்சியை நிறுத்தினாள்.

"அக்கா, இது நெஜமாவே அதுதான்னா?"

"எதுன்னு எனக்குத் தெரியாதுடா தம்பி," என்றாள், குழம்பு காய்ந்த கையால் கதவைத் திறந்து. "ஏறு."